மூடிய கண்ணும் கேட்கும் செவியும்
வீட்டில் இசை கேட்கும் வழக்கின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

இசையில் ஆழ்ந்திருப்பவரைக் காட்ட விரும்பும் ஓவியர் அவரது கண்களை மூடிய நிலையில் வரைவது பெருவழக்கு. வீட்டில் தனித்திருந்து இசைத்தட்டையோ வானொலியையோ கேட்பவரும் தம்மையறியாமலே இமைகளைத் தாழ்த்திக்கொள்வதுண்டு. கண் மூடினால் செவி கூர்மையடையும் என்ற நம்பிக்கை இவ்வழக்கத்தின் பின்னால் உள்ளது. இந்நம்பிக்கை உண்மையானதா? இவ்வினாவுக்கு உடலியலார் மட்டும் விடை கூறிவிட முடியாது. ஏனெனில், வீட்டில் இசை கேட்டல் என்பது எக்காலத்தும் ஒரே தன்மையதாக இருந்த செயலன்று. இசைப்பவரைக் காணாமலே இசையைக் கேட்கும் நிலை மனித குலத்துக்குப் பொதுவாக வாய்த்து ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டே ஆகின்றது. அந்நிலை கண்ணுக்கும் செவிக்கும் இடையில் ஏற்படுத்திய பிரிவின் வரலாற்றை நோக்கிய பின்னரே, கண்ணை மூடுவதால் விளையும் பயன் யாது என மதிப்பிடுதல் பொருந்தும்.

பண்டைய இசை பெரும்பாலும் காணப்பட்ட இசையே. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை இதற்குச் சிறந்த சான்று. ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் கொண்ட அரங்கினை அது விவரிக்கின்றது. ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகளை அது கூறுகின்றது. தூண்களின் நிழல் அரங்கில் விழாதவாறு விளக்கு வைக்கப்பட்டமையையும் அது குறிப்பிடத் தவறவில்லை. யாழும் குழலும் முழவும் இணைந்தொலித்த அந்நிகழ்ச்சியில் காட்சிக்கு இத்துணைக் கவனம் அளிக்கப்பட்டமை மனங்கொள்ளத்தக்கது. கோயில் வீதியில் நாகசுரக்காரரைச் சூழ்ந்து நிற்கும் கூட்டத்தின் நிலையும் இதுவே. குழலின் துளைகள்மீது விரல்கள் அசைவதையும், தவிற்காரர் முகத்தில் அடுத்த தீர்மானத்துக்கான ஆயத்தம் தோன்றுவதையும் கண்டுகொண்டே மக்கள் இசையை நுகர்ந்தனர். கையால் தாளமிட்டுக் கேட்கும் கருநாடக இசை இரசிகரின் வழக்கமும், கேட்டலை உடலின் பிற புலன்களோடு பிணைத்து வைத்த வழக்கமே.

வீட்டில் இசை கேட்டல் அக்காலத்தில் இல்லாமற் போகவில்லை. வீணை தனம்மாள் (1867–1938) சென்னை ஜோர்ஜ் ரவுனில் இருந்த தமது இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் நடத்திய இசையமர்வுகள் புகழ்பெற்றவை. இசைவாணரும் இரசிகருமாகிய சிலரே அங்குக் கூடினர். சிறு ஓசையும் எழாத அமைதி அங்கு எதிர்பார்க்கப்பட்டது. வீணையின் மெல்லிய நாதம் செவியின் முழுக் கவனத்தையும் வேண்டிநின்றது. ஆயின், அங்கும் இசைப்பவர் கேட்பவரின் கண்முன்னே இருந்தார். அவ்வமர்விற் கண்ணை மூடியவர் விரும்பியே அதைச் செய்தார். திறந்தால் காண்பதற்கு அங்கே ஒருவர் இருந்தார். வீட்டின் தனிமைக்கும் இசைப்பவரின் முன்னிலைக்கும் இடையே அன்று முரண்பாடு தோன்றியிருக்கவில்லை.

ஐரோப்பாவை நோக்குமிடத்து, அங்கு வீட்டிசை பெரும்பாலும் வீட்டார் தாமே இசைத்த இசையாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நடுத்தர வகுப்பினர் பலர் பெரும் சிம்பொனிகளை அறிந்துகொண்டது வாத்தியக் குழுவினரிடமிருந்தன்று. இருவர் ஒரே பியானோவில் நான்கு கைகளால் வாசிப்பதற்கென எழுதப்பட்ட வடிவங்களிலிருந்தே. அவ்வாறு வாசிப்பவரின் கண் இசைக்குறிப்பின்மீது பதிந்திருக்க வேண்டும். கண்ணை மூடினால் இசை நின்றுவிடும். எனவே, இல்லத்திற் கண்மூடிக் கேட்டல் என்ற வழக்கம் வேரூன்றுவதற்கு, இசைத்தலும் கேட்டலும் வேறுவேறு ஆள்களின் செயல்களாகப் பிரிய வேண்டியிருந்தது.

செயல் பிரியும் முன்னரே கருத்துப் பிரிந்துவிட்டது. ஜேர்மனிய எழுத்தாளரான வாக்கென்றோடர் 1792ஆம் ஆண்டு மே மாதத்தில் தம் நண்பர் லூட்விக் டீக்குக்கு எழுதிய கடிதமொன்றில், தாம் இசை கேட்கும் முறைகள் இரண்டு என வகுத்துக் கூறினார். சுரங்களையும் அவற்றின் செலவையும் மிக உன்னிப்பாகத் தொடர்ந்து, இடையூறான எண்ணங்களையும் பிற புலன்களின் பதிவுகளையும் விலக்கி, முழுமையாக ஆட்பட்டுக் கேட்டல் ஒன்று. இதுவே உண்மையான நுகர்ச்சி என்றும், இது களைப்பைத் தருவதாகையால் நெடுநேரம் நிலைக்காது என்றும் அவர் கருதினார். இசையின் துணைகொண்டு தம் எண்ணங்களையும் கற்பனைகளையும் அலைய விடுதல் மற்றையது. கண்ணை மூடிய இருவர் அருகருகே அமர்ந்திருக்கும்போது, ஒருவர் முதல் முறையிலும் மற்றவர் இரண்டாம் முறையிலும் கேட்டுக்கொண்டிருக்கலாம். புறத்தோற்றம் இருவரையும் வேறுபடுத்திக் காட்டாது. கண்மூடிக் கேட்டல் பற்றிப் பின்வந்த விவாதங்கள் பலவற்றின் மூலம் இங்கேயே உள்ளது.

அந்நூற்றாண்டு முழுவதும் இவ்விடயத்தில் இருவேறு போக்குகள் காணப்பட்டன. இசையமைப்பாளரும் திறனாய்வாளருமாகிய ஷூமன், பியானோக் கலைஞர் லிஸ்ற்றைக் கேட்டால் மட்டும் போதாது, காணவும் வேண்டும் என 1840இல் எழுதினார். அவர் திரைக்குப் பின்னிருந்து வாசித்தால் அவரது கலையின் கவித்துவத்திற் பெரும்பகுதி மறைந்துபோகும் என்பது அவர் கருத்து. இதற்கு மாறாக, வாக்னர் 1876இல் பைரொய்ற் நகரில் திறந்த அரங்கில் வாத்தியக் குழுவினர் மேடைக்குக் கீழே, கூரையால் மறைக்கப்பட்ட பள்ளத்தில் அமர்த்தப்பட்டனர். அவையோர் இருந்த பகுதியும் இருளாக்கப்பட்டது. எனினும், வாக்னர் கண்ணை ஓய்விருக்கச் செய்யவில்லை என்பதைக் கவனித்தல் வேண்டும். வில்லை இழுக்கும் கைகளிலிருந்து பார்வையை மீட்டு, மேடையில் நிகழும் நாடகத்தின்மீது அதைச் செலுத்துவதே அவரது நோக்கமாயிருந்தது.

இல்லத்தில் நிகழ்ந்த மாற்றத்தை ஓர் ஓவியம் தெளிவாகக் காட்டுகின்றது. பெல்ஜிய ஓவியர் பெர்னாண்ட் க்னோப் 1883இல் வரைந்த ‘ஷூமனைக் கேட்கையில்’ என்னும் அவ்வோவியத்தில், வீட்டுக் கூடமொன்றின் நடுவே ஒரு பெண் கையால் முகத்தை மறைத்தபடி அமர்ந்திருக்கின்றார். பியானோ வாசிப்பவரோ ஓவியத்தின் இடது ஓரத்தில் ஒரு கையளவே தோன்றுகின்றார். இரண்டாண்டுகளுக்கு முன் ஜேம்ஸ் என்சோர் அதே சூழலை வரைந்தபோது, வாசிப்பவரும் கேட்பவரும் ஒருங்கே இடம்பெற்றிருந்தனர். க்னோப்பின் ஓவியத்திலோ இசைப்பவர் சட்டகத்துக்கு வெளியே தள்ளப்பட்டுவிட்டார். கேட்பவரின் அகமே ஓவியத்தின் பொருளாகிவிட்டது. இசைப்பவர் இல்லாத இல்லத்துக்கு மனம் ஆயத்தமாகிக்கொண்டிருந்தது எனலாம்.

அத்தகைய இல்லத்தைப் பொறி உருவாக்கியது. எடிசன் 1877இல் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டுபிடித்தார். பேர்லினர் 1887இல் தட்டினைப் பயன்படுத்தும் கிராமபோனுக்கு உரிமம் கோரினார். பிரெட் கைஸ்பெர்க் 1902இல் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானின் பாடல்களைப் பதிவுசெய்தார். அப்பாடகி தம் இசைத்தட்டுகளின் முடிவில் தமது பெயரைத் தாமே உரத்துக் கூறியமை பலரும் அறிந்த செய்தி. தொலைவிலிருந்த தொழிற்சாலையார் தட்டினை இனங்காண அது உதவிற்று. எனினும், முகமற்றுப்போன குரல் தன்னை அறிமுகம் செய்துகொள்ள வேண்டியிருந்த ஒரு காலத்தின் அடையாளமாகவும் அது விளங்குகின்றது. தமிழகத்திலும், ரி. என். இராஜரத்தினம்பிள்ளையின் தோடி ஆலாபனை இசைத்தட்டில் ஏறியபோது, கோயில் வீதியில் நின்று கேட்க வேண்டிய நாகசுரம் கதவடைத்த அறைக்குள் புகுந்தது. விரல்களும் முகமும் வெளியே நின்றுவிட்டன.

இப்பிரிவினை வணிகர்கள் தமக்குச் சாதகமாக்கிக்கொண்ட வரலாறு சுவையானது. எடிசனின் நிறுவனம் 1915 முதல் 1925 வரை அமெரிக்க நகரங்களில் பல குரற்சோதனை நிகழ்ச்சிகளை நடத்தியது. பாடகர் ஒருவர் மேடையில் இசைத்தட்டோடு சேர்ந்து பாடுவார், விளக்குகள் அணைக்கப்படும், மீண்டும் ஒளி வரும்போது மேடையிற் பாடகர் இல்லை, பொறி மட்டுமே பாடிக்கொண்டிருக்கும். கேட்போர் வியந்தனர். இச்சோதனைகளிற் பங்குகொண்ட பாடகி அன்னா கேஸ், பொறியின் ஒலிக்கு இசையத் தமது குரலை மாற்றிக்கொண்டதாகப் பின்னாளில் ஒப்புக்கொண்டார். அக்காலப் பொறியின் குறைகள் இன்று எளிதிற் புலப்படுவன. இருந்தும் அவையோர் ஏமாந்தமைக்கு இருளும் ஒரு காரணம். பார்வை மறைந்தபோது செவி கூர்மையடைந்திருப்பின், வேறுபாட்டினை அது முன்னிலும் எளிதாகக் கண்டுபிடித்திருக்க வேண்டுமன்றோ? உண்மையில் நிகழ்ந்தது வேறு. கண்டு சரிபார்க்கும் வழி அடைக்கப்பட்டபோது, கேட்டதை நம்பும் மனப்பாங்கே மேலோங்கிற்று.

இல்லத்தில் நெடுநேரம் கண்மூடிக் கேட்பதற்குத் தொழில்நுட்பமும் முதலில் இடந்தரவில்லை. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தட்டின் ஒரு பக்கம் மூன்று அல்லது நான்கு நிமிடங்களில் முடிந்துவிடும். கேட்பவர் எழுந்து தட்டினைப் புரட்ட வேண்டும். ஊசியை மாற்ற வேண்டும். விசைச்சுருளை முறுக்க வேண்டும். நான்கு நிமிடத்துக்கு ஒரு முறை கண் திறந்தேயாக வேண்டிய நிலை அது. கொலம்பியா நிறுவனம் 1948இல் அறிமுகப்படுத்திய நெடுநேர இசைத்தட்டு ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடங்களுக்கு மேல் ஒலித்தது. 1958 அளவில் இருவழி ஒலிப்பதிவுத் தட்டுகள் பரவலாக விற்பனைக்கு வந்தன. இரண்டு ஒலிபெருக்கிகளும் ஒரே ஒலியை ஒரே அளவில் எழுப்பினால், அது இரண்டுக்கும் நடுவிலுள்ள வெளியிலிருந்து வருவதாகச் செவி உணரும். பாடகர் அவ்விடத்தில் நிற்பதாகச் செவி கூறும். கண்ணோ அங்கு வெறுஞ்சுவரைக் காணும். காணும் பொருளை நோக்கி ஒலியின் இடத்தை இழுத்துக் கொள்வது மனித இயல்பாதலால், கண் திறந்திருக்கையில் இவ்வுணர்வு குலைய வாய்ப்புண்டு. எனவே, கண்ணை மூடுதலுக்கு இல்லத்தில் ஒரு புதிய நியாயம் இக்காலத்திலேயே கிடைத்தது எனலாம்.

வானொலியின் பங்கு சற்று வேறானது. கொழும்பில் 1925 டிசம்பரில் வானொலி ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. சென்னை நிலையம் 1938இலும் திருச்சி நிலையம் 1939இலும் அகில இந்திய வானொலியின் கீழ் இயங்கத் தொடங்கின. பாக்குநீரிணைக்கு அப்பாலிருந்து எழுந்த கச்சேரிகள் வட இலங்கை வீடுகளிலும் ஒலித்தன. தட்டினைப் புரட்டும் தொல்லை வானொலியில் இல்லை. ஆயின், இடைவிடாது ஒலிக்கும் இசை வீட்டு வேலைகளுக்குப் பின்னணியாகவும் மாறிற்று. சமைப்பவரும் தைப்பவரும் கணக்குப் பார்ப்பவரும் ஒரே பாடலைக் கேட்டுக்கொண்டிருந்தனர்; எவரும் அதை முழுமையாகக் கேட்கவில்லை. இச்சூழலில் ஒருவர் சாய்கதிரையில் அமர்ந்து கண்ணை மூடுதல் பிறருக்கு விடுக்கும் ஓர் அறிவித்தலுமாயிற்று. தாம் உறங்கவில்லை, கேட்டுக்கொண்டிருக்கின்றார், குழப்பவேண்டாம் என்பதே அதன் பொருள். கச்சேரி மண்டபத்தின் சுவர்கள் செய்த காவலை இல்லத்தில் இமைகள் செய்ய வேண்டியிருந்தது.

இவ்வழக்கத்துக்குக் கடும் எதிர்ப்பும் எழுந்தது. இசையமைப்பாளர் ஸ்ராவின்ஸ்கி 1930களின் நடுப்பகுதியில் வெளியிட்ட தன்வரலாற்றில், கண்மூடி இசை கேட்பதைத் தாம் வெறுத்துவந்ததாகக் கூறினார். வாசிப்பவரின் உடலசைவைக் காண்பது இசையை முழுமையாகப் பற்றிக்கொள்ள இன்றியமையாதது என்பது அவர் கொள்கை. கண்ணை மூடினால்தான் இன்பம் என்போர் உண்மையில் இசையை விட்டுவிட்டுப் பகற்கனவில் மிதக்கவே விரும்புகின்றனர் எனவும் அவர் சாடினார். வாக்கென்றோடர் வகுத்த இரண்டாம் முறையையே அவர் கண்மூடிய கேட்பவர் அனைவர்மீதும் ஏற்றினார் என்பது தெளிவு. மறுபுறத்தில், பிரெஞ்சு இசையாளர் பியர் ஷேபர் 1966இல் வெளியிட்ட நூலில், ஒலியின் மூலத்தைக் காணாது கேட்டலைத் தனியொரு நெறியாக்கினார். பித்தகோரசின் மாணவர் திரைக்கு அப்பாலிருந்தே ஆசிரியரின் உரையைக் கேட்டனர் என்ற பழைய மரபுக் கதையிலிருந்து அந்நெறிக்கு அவர் பெயர் எடுத்துக்கொண்டார். ஒலி எதிலிருந்து எழுந்தது என்ற நினைவை விடுத்து, ஒலியின் இயல்பையே ஆராயும் பயிற்சி அது. ஸ்ராவின்ஸ்கி கண்ட சோம்பலுக்கு நேர்மாறான கடும் உழைப்பு என்றே அதனைக் கூறவேண்டும்.

அறிவியல் இவ்விடயத்திற் கூறுவது யாது? ஜேர்மனிய மருத்துவர் ஹான்ஸ் பேர்கர் 1929இல் மனித மூளையின் மின்னலைகள் பற்றிய தமது முதற் கட்டுரையை வெளியிட்டார். விநாடிக்குப் பத்தளவில் எழும் அல்பா அலைகள் கண்ணை மூடும்போது வலுவடைந்து, திறக்கும்போது தணிவதை அவர் வழியாகவே உலகம் அறிந்தது. கண்ணை மூடுதல் மூளையின் நிலையையே மாற்றுகின்றது என்பதில் ஐயமில்லை. ஆயின், மாறிய மூளை சிறப்பாகக் கேட்கின்றதா என்பது வேறு வினா. ஜேர்மனிய ஆய்வாளரான வோஸ்ற்மனும் அவரது குழுவினரும் 2020இல் வெளியிட்ட ஆய்வு இதனை நேரடியாகச் சோதித்தது. இருளாக்கப்பட்ட அறையில் 22 பேர் இரு குரல்களில் மாறிமாறி வந்த எண்களுள் ஒன்றை மட்டும் கவனித்துக் கேட்டனர். கண் மூடியபோது, கவனத்துக்கேற்ப அல்பா அலைகள் ஏறியிறங்கும் அளவு கூடியது. ஆனால் அவர்களது கேட்கும் திறன் கூடவில்லை. இரைச்சலுக்குள் மறைந்த மெல்லொலியைக் கண்டறியுமாறு 19 பேரிடம் கேட்ட பின்தொடர் சோதனையிலும் முடிவு அதுவே. செவி கூர்மையடைகின்றது என்ற நம்பிக்கைக்கு இவை ஆதரவு தரவில்லை.

எனினும், இவ்வாய்வு இருளறையில் நிகழ்ந்தது என்பதை மறத்தலாகாது. கண்ணைக் கவர எதுவும் இல்லாத இடத்தில் கண்ணை மூடி என்ன பயன்? இல்லமோ இருளறையன்று. அங்கு மேசையில் முடிக்காத வேலை கிடக்கும். சுவரில் மணிக்கூடு தொங்கும். வாசலில் ஆள் நடமாடும். அன்றியும், கேட்டறிதலும் உணர்தலும் ஒன்றல்ல. இஸ்ரேலிய ஆய்வாளர் குழுவொன்று 2009இல் வெளியிட்ட ஆய்வில், அச்சமூட்டும் இசையைக் கண்மூடிக் கேட்டவர்களுக்கு உணர்ச்சி மிகுந்தது. உணர்ச்சியோடு தொடர்புடைய மூளைப் பகுதியாகிய அமிக்டலாவின் செயற்பாடும் கூடியது. கண் மூடியபோது செவிக்கு எட்டிய ஒலி மாறவில்லை. அது உள்ளத்திற் பெற்ற எடையே மாறிற்று.

கண் இசைக்குத் துணையா, பகையா என்ற வினாவுக்கும் ஆய்வுகள் இருபுற விடை தருகின்றன. மரிம்பா என்னும் தாளக் கருவியை நீண்ட கையசைவோடும் குறுகிய கையசைவோடும் அடித்தாலும் ஒலியின் நீளத்தில் வேறுபாடில்லை என்பதையும், அசைவினைக் கண்டவர்கள் நீண்ட அசைவின் ஒலியை நீண்டதாகவே கேட்டனர் என்பதையும் சுற்சும் லிப்ஸ்கோமும் 2007இல் காட்டினர். கருவியால் இயலாததைக் கலைஞர் கண்ணின் வழியாகச் செவிக்கு ஊட்டுகின்றார் என்பதே இதன் பொருள். ஷூமன் லிஸ்ற்றைப் பற்றிக் கூறியதன் நியாயம் இங்குப் புலனாகின்றது. அதேவேளை, இசைப் போட்டிகளின் இறுதிச் சுற்றில் வென்றவர் யார் என ஊகிக்குமாறு கேட்டபோது, ஒலியை மட்டும் கேட்டவர்களைவிட, ஒலியில்லாத காட்சியை மட்டும் கண்டவர்களே சரியாகக் கூறினர் என்பதை சியா-ஜங் ட்சை 2013இல் வெளியிட்டார். பயிற்சி பெற்ற இசைக்கலைஞரும் இதற்கு விலக்காகவில்லை. நடுவரின் செவியைக் கண் ஆட்கொள்ளக்கூடும் என்ற அச்சம் ஆய்வுக்கு முன்னரே இசையுலகில் இருந்தது. பொஸ்ரன் சிம்பொனி வாத்தியக் குழு 1952இலேயே திரைக்குப் பின்னிருந்து வாசிக்கச்செய்து ஆள்களைத் தேரும் முறையைக் கையாண்டது. தோற்றமும் பாலும் நிறமும் இசையின் மதிப்பீட்டில் நுழையாதிருக்கத் திரை வேண்டியிருந்தது.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கின், கண்ணை மூடுவதன் பயன் எங்கு, எதைக் காணாதிருக்கக் கண்ணை மூடுகின்றோர் என்பதைப் பொறுத்தது என்பது பெறப்படும். இசைப்பவர் முன்னிலையிற் கண்ணை மூடுபவர் இசையின் ஒரு பகுதியையே மூடிவிடக்கூடும். சில வேளைகளில் தமது முற்சாய்வையும் சேர்த்து மூடலாம். வீட்டிற் பதிவிசையைக் கேட்பவருக்கு அவ்விழப்பு இல்லை. அவரது கண்முன்னுள்ள எதுவும் இசையைச் சேர்ந்ததன்று. இசைக்குரிய காட்சி பதிவுக்கூடத்திலேயே நின்றுவிட்டது. ஆதலால் இமைகளைத் தாழ்த்தும்போது அவர் இழப்பது சிறிது. பெறுவது கவனத்துக்கு ஒரு வேலி. ஆயின் வேலி பயிராகாது. வேலிக்குள் இராகத்தின் செலவைத் தொடர்வதா, தன் நினைவுகளில் அலைவதா என்பதைக் கேட்பவரே தீர்மானிக்க வேண்டும்.

இன்று இவ்வினா முன்னெப்போதையும்விடக் கூர்மையடைந்துள்ளது. கிராமபோன் காலத்தில் கண்ணுக்கு வேலை தந்தவை அறையிலிருந்த பிற பொருள்கள். இன்றோ இசையை ஒலிக்கும் கைபேசியே படங்களையும் செய்திகளையும் ஓயாது நீட்டுகின்றது. செவிக்கு விருந்தளிக்கும் கருவியே கண்ணுக்கு வலையும் விரிக்கின்றது. அதே கருவி, நாகசுரக்காரரின் விரல்களையும் வீணைக்காரரின் முகத்தையும் மீண்டும் இல்லத்துக்குள் கொணரவும் வல்லது. க்னோப்பின் ஓவியத்துப் பெண் கையால் முகத்தை மறைத்தபோது, சில அடி தொலைவில் ஒருவர் அவருக்காக வாசித்துக்கொண்டிருந்தார். இன்று இல்லத்திற் கண்மூடுபவருக்கு அத்தகையோர் அருகில் இல்லை. அங்கு இல்லாத கலைஞருக்கு உரிய கவனத்தை அளிப்பதற்காக ஒருவர் கண்ணை மூடுவாராயின், அது நல்ல கேட்டலின் தொடக்கமாகும். கலைஞரையும் இசையையும் ஒருங்கே மறப்பதற்காக மூடுவாராயின், ஸ்ராவின்ஸ்கியின் கண்டனத்துக்கு அவரிடம் விடையில்லை.